நாய் வண்டிக்குக் கைதட்டியவன் எழுதுகிறேன்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபி டம்ளரோடு உட்கார்ந்து பொறுமையாகப் படியுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் மந்தைவெளி அடுக்ககத்தில் கூட்டம். பேசப்போவது ஒரே விஷயம்தான்: வாசலில் படுத்திருக்கும் ஜில்லு. பழுப்பு நிறம், ஒரு காதில் சின்ன வெட்டு. பெயர் வாட்ச்மேன் வைத்தது. 'பிடித்துக்கொண்டுபோய் எங்காவது விட்டுவிடலாம்' என்று ஒரு கட்சி. 'அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டுமே' என்று இன்னொரு கட்சி. இரண்டாம் மாடியில் நாலு வயதுக் குழந்தை இருக்கிறது. அதன் அம்மா பயப்படுகிறார். அந்தப் பயத்தை நான் ஒருநாளும் கேலி செய்ய மாட்டேன். ஏனென்றால் 1964-ல், ஒன்பது வயதில், தெருநாயிடம் கடி வாங்கியவன் நான்.

மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் வீடு. பந்து பொறுக்கக் குனிந்தபோது பின்னங்காலில் கடித்துவிட்டது. பாட்டி ஓடிவந்து சுண்ணாம்பைக் குழைத்துத் தடவினாள். அப்பா அதைப் பார்த்துக் கோபப்பட்டு, காலைக் கழுவி, சைக்கிளில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அந்தக் காலத்து ஊசி என்றால் என் வயதுக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். தொப்புளைச் சுற்றிப் பதினாலு. தினம் ஒன்று. ஊசி முடிந்ததும் அழுதுகொண்டு வரும் என்னை அப்பா ஒரு ஓட்டலில் உட்காரவைத்து ரவா தோசை வாங்கிக்கொடுப்பார். எங்கள் வீட்டில் ஓட்டல் சாப்பாடு என்பது வருஷத்துக்கு இரண்டு தடவை. எனக்கு அந்த வருஷம் பதினாலு தோசை! தங்கைக்குப் பொறாமையான பொறாமை.

வயிற்று வலி போய்விட்டது, பயம் போகவில்லை. தெருவில் நாய் வண்டி வந்தால் மற்றப் பையன்கள் தங்களுக்குப் பிடித்த நாயை மாடிப்படிக்குக் கீழே ஒளித்துவைப்பார்கள். நான் வாசலில் நின்று கைதட்டுவேன். இதை எழுத இன்றைக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

1981-ல் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அதே வருஷம் சேர்ந்தவர் என் நண்பர், அறிவியல் ஆசிரியர். அடையாறு காந்தி நகரில் வீடு. நாற்பது வருஷப் பழக்கத்தில் நான் அவருக்கு 'சார்', அவர் எனக்கு 'சார்'. வாத்தியார்களின் நட்பு அப்படித்தான்.

சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்தால் கதீட்ரல் சாலை டிரைவ்-இன் உட்லண்ட்ஸுக்குப் போவோம். 1962-ல் திறந்த இடம் அது. காரில் உட்கார்ந்தபடியே சாப்பிடுகிறவர்கள் ஒரு பக்கம். எங்களைப் போல சைக்கிளில் வந்து மரத்தடி நிழலைத் தாண்டி உள்ளே போய் உட்காருகிறவர்கள் ஒரு பக்கம். 2008-ல் மூடிவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா.

நண்பர் எப்போதும் ஒரு எவர்சில்வர் டப்பாவோடு வருவார். இரண்டு இட்லி அதிகமாகச் சொல்லி, சட்னி சாம்பார் படாமல் டப்பாவில் போட்டுக்கொள்வார். தெருநாய்களுக்கு. 'சாம்பாரோடு கொடுத்தால்தான் என்ன சார்?' என்று ஒருமுறை கேட்டேன். 'வெங்காயம் நாய்க்கு விஷம் சார். ரத்தத்தைக் கெடுத்துடும்' என்றார். பூண்டு, திராட்சை, சாக்லேட் எல்லாமே அப்படித்தானாம். வீட்டிலும் அவர் மனைவி சாதம் வடித்ததும் ஒரு கரண்டி தனியாக எடுத்துவைத்து, உப்புப் போடாமல் கொஞ்சம் தயிர் விட்டுப் பிசைந்து வைப்பார். காக்காய்க்கு ஒரு பிடி வைப்பது எந்த வீட்டிலும் உண்டு. அந்த வீட்டில் நாய்க்கும் ஒரு பங்கு இருந்தது.

எனக்கு இது பிடிக்காது. 1990 வாக்கில் ஒரு சனிக்கிழமை வாய்த் தகராறாகவே ஆகிவிட்டது. 'நீங்க சோறு போடறதாலதான் சார் நாய் பெருகுது. கடி வாங்கினவனுக்குத்தான் வலி தெரியும்' என்றேன். அவர் கோபப்படவில்லை. 'நீங்க சரித்திர வாத்தியார். ஒண்ணு சொல்லுங்க. இந்த ஊர்ல எத்தனை வருஷமா நாயைப் பிடிச்சுக் கொல்றாங்க?' என்றார். எனக்குத் தெரியவில்லை. 'சரி, கொன்னதுல குறைஞ்சுதா?' என்றார். அதற்கும் பதில் இல்லை. இரண்டு வாரம் அவரோடு சரியாகப் பேசவில்லை. தெரியாத கேள்வி ஒன்று இருந்தால் வாத்தியாருக்குத் தூக்கம் வராது. தேட ஆரம்பித்தேன். பல வருஷங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்ததை இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன்.

பழைய இடத்திலிருந்தே தொடங்குகிறேன். திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் பக்கம் எடத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டு. ஒரு வீரன் இறந்ததற்காக நட்ட கல். அவனோடு ஒரு நாயின் உருவமும் செதுக்கியிருக்கிறது. இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயரும் கல்வெட்டில் இருக்கிறது: கோவிவன். பெயர் தெரியாமல் போன சிற்றரசர்கள் எத்தனையோ பேர். ஒரு நாயின் பெயர் 1,400 வருஷமாக நிற்கிறது. தெருநாய்க்குப் பெயர் வைப்பது எங்கள் வாட்ச்மேன் தொடங்கிவைத்த பழக்கம் இல்லை!

பட்டணம் வளர்ந்ததும் உறவு மாறியது. காவலுக்கு என்று இருந்த நாய், குப்பையில் பிழைக்கிற நாயாகிவிட்டது. 1860-களிலேயே மதராஸ் நகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொல்லத் தொடங்கிவிட்டது. காரணம் அநியாயமானது என்று சொல்லிவிட முடியாது. ரேபிஸ் என்கிற வெறிநோய் வந்துவிட்டால் அநேகமாகப் பிழைப்பே இல்லை. அன்றைக்கு மருந்தும் கிடையாது.

பாரிஸில் லூயி பாஸ்டர் 1885 ஜூலையில் ஜோசப் மெய்ஸ்டர் என்கிற ஒன்பது வயதுப் பையனுக்கு முதன்முதலாகத் தடுப்பூசி போட்டார். ஒன்பது வயது! படித்தபோது என் வயிறு ஒருமுறை வலித்தது. 1900-ல் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் பாஸ்டர் நிலையம் வந்தது. தெற்கே கடிபட்டவர்கள் ரயில் ஏறி அவ்வளவு தூரம் போக வேண்டும். 1902-ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்கிற இளம்பெண் வெறிநாய்க் கடியால் இறந்தார். அந்தச் சாவு ஏற்படுத்திய பாதிப்பில்தான் 1907-ல் நம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்தது. எனக்குப் போட்ட அந்தப் பதினாலு ஊசியும் ஆட்டு மூளையிலிருந்து தயாரிக்கும் பழைய வகை. 2004 கடைசியில்தான் இந்தியாவில் அது நின்றது. இன்று புஜத்தில் நாலைந்து ஊசி, அவ்வளவே.

மனிதனுக்கு மருந்து வந்துவிட்டது. நாய்க்கு மட்டும் அதே பழைய வைத்தியம்தான் தொடர்ந்தது: வண்டி, சுருக்குக் கயிறு, பேசின் பிரிட்ஜ் பக்கத்துக் கொட்டடி. அங்கே மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். நான் கைதட்டி அனுப்பிவைத்த வண்டி அங்கேதான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இந்த இடத்தில் நம் தென்சென்னையின் இரண்டு முகவரிகள் கதைக்குள் வருகின்றன.

ஒன்று அடையாறு. கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேலை நடனத்துக்காக எல்லோருக்கும் தெரியும். 1952-ல் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராகப் போனவர், அங்கே கையில் எடுத்தது நடனத்தை அல்ல, வாயில்லாப் பிராணிகளை. பிராணி வதைத் தடுப்புக்குத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே விரிவான சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி சொன்னதால் அதைத் திரும்பப் பெற்றார். 1960-ல் சட்டம் வந்தது. 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். 1986-ல் மறையும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். வாரியத்தின் தலைமையகமும் 2018 வரை சென்னையில்தான் இருந்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் எவையெல்லாம் வதை என்று பட்டியல் போட்டுவிட்டு, எவையெல்லாம் வதை ஆகாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். அந்த விலக்குகளில் ஒன்று, தெருநாய்களைக் கொல்கூடங்களில் கொல்வது. அவர் பாடுபட்டுக் கொண்டுவரச் செய்த சட்டத்திலேயே தெருநாய்க்கு இடம் கிடைக்கவில்லை.

இரண்டாவது முகவரி தி. நகர். கேப்டன் வி. சுந்தரம் விமானி. அவர் மனைவி உஷா சுந்தரமும் விமானி. லண்டனிலிருந்து பம்பாய்க்கு ஒரு டவ் விமானத்தை 27 மணி நேரத்தில் ஓட்டிவந்த தம்பதி. 1959-ல் ஒரு மழை நாளில் தி. நகர் தெரு வெள்ளத்தில் இரண்டு நாய்க்குட்டிகள் தத்தளிப்பதைப் பார்த்த சுந்தரம், அவற்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். ப்ளூ கிராஸ் அமைப்பின் தொடக்கம் இதுதான் என்று அவர்களே சொல்கிறார்கள். தி. நகரில் மழைத் தண்ணீர் தேங்கியதால் விளைந்த நல்லது என்று எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்!

1964-ல் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். என் நண்பர் என்னிடம் கேட்ட அதே கேள்வியை மாநகராட்சிக் கணக்குகளைப் பார்த்துக் கேட்டார்கள். நூறு வருஷமாகக் கொல்கிறோமே, நாய் குறைந்ததா? வெறிநோய் குறைந்ததா? இரண்டும் குறையவில்லை. கொல்லும் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது. சுந்தரத்தின் மகன் சின்னி கிருஷ்ணா பின்னாளில் எழுதியிருப்பதன்படி, 1860-களில் நாளுக்கு ஒன்று கூட இல்லாமல் தொடங்கியது, 1990-களின் நடுவில் நாளுக்கு 135 ஆகியிருந்தது. கூட்டிப் பாருங்கள், வருஷத்துக்கு ஏறக்குறைய 50,000.

ஏன் குறையவில்லை? அறிவியல் சார் எனக்குச் சொன்ன விளக்கத்தையே தருகிறேன். ஒரு தெரு எத்தனை நாயைத் தாங்கும் என்பதை முடிவு செய்வது அந்தத் தெருவின் குப்பைத்தொட்டி. மெஸ்ஸின் எச்சில் இலை, கல்யாண மண்டபத்தின் மிச்சம், நம் வீட்டுப் பழைய சாதம். அந்தச் சாப்பாடு அப்படியே இருக்க, பத்து நாயைப் பிடித்துக்கொண்டு போனால் பக்கத்துத் தெரு நாய்கள் அந்த இடத்துக்கு வரும். போட்டி குறைவதால் பிறக்கும் குட்டிகளும் அதிகமாகப் பிழைக்கும். வந்தவை எவை, ஊசி போட்டவையா இல்லையா, யாருக்கும் தெரியாது. உள்ளூர் நாய் போய் ஊர் பேர் தெரியாத நாய் வந்ததுதான் மிச்சம்.

அதற்கு மாற்றாக ப்ளூ கிராஸ் சொன்னது எளிய வழி: பிடி, கருத்தடை செய், வெறிநோய் ஊசி போடு, அடையாளத்துக்குக் காதில் ஒரு வெட்டு வை, பிடித்த இடத்திலேயே கொண்டுவிடு. அ, ஆ, இ போல எளிது என்பதற்காகத்தான் ஆங்கில அரிச்சுவடியின் முதல் மூன்று எழுத்துகள் வரும்படி 'ஏபிசி' என்று பெயர் வைத்தார்களாம். தங்கள் அளவில் செய்யத் தொடங்கினார்கள். மாநகராட்சி ஏற்றுக்கொள்ள 32 வருஷம் ஆனது. 1996-ல் தென்சென்னையில் அதிகாரபூர்வமாகத் தொடங்கியது. தி. நகர் கண்ணம்மாபேட்டையில் இன்றும் மாநகராட்சியின் கருத்தடை மையம் இருக்கிறது. இதற்கு நடுவில் 1992-ல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழுவும், நாய்களைக் கொன்று அகற்றுவதால் அவற்றின் பெருக்கம் குறைந்ததற்கு எங்கும் சான்று இல்லை என்று சொல்லிவிட்டது. 2001 டிசம்பரில் இந்தியா முழுவதற்கும் இதே முறை விதியானது. சென்னையில் வெறிநோய்ச் சாவுகள் அடுத்த சில ஆண்டுகளில் ஒற்றை இலக்கத்துக்கு வந்தன என்கின்றன ப்ளூ கிராஸ் தரும் கணக்குகள்.

இங்கே கதையை முடித்துவிட்டால் சுபம். ஆனால் சரித்திரத்தில் வசதியான இடத்தில் நிறுத்தக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

2018-ல் எடுத்த கணக்கில் சென்னையில் தெருநாய்கள் 57,000 சொச்சம். 2024-ல் ஏறக்குறைய 1.8 லட்சம். கணக்கெடுத்த முறைகளில் வேறுபாடு இருக்கலாம். ஆனாலும் கண்ணால் பார்க்கிறோமே, பெருகியிருக்கிறது. ஏன்? இந்த வேலை தினமும் உலை வைப்பது மாதிரி. நேற்று சமைத்தோமே என்று இன்றைக்கு அடுப்பை மூட்டாமல் இருந்தால் வயிறு விடாது. ஒரு பகுதியில் நூற்றுக்கு எழுபது நாய்களுக்காவது ஊசி போட்டிருந்தால்தான் வெறிநோய் பரவாமல் நிற்கும். அதை வருஷா வருஷம் செய்ய வேண்டும். நகரம் சோழிங்கநல்லூர்வரை நீண்டது, குப்பையும் நீண்டது, ஊசியும் கத்தியும் அதே வேகத்தில் நீளவில்லை. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டெல்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்து அடைக்கச் சொன்னது. பதினொரு நாளில், கருத்தடையும் ஊசியும் முடித்துப் பிடித்த இடத்தில் விடலாம், வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் மட்டும் விலக்கு என்று மாற்றிச் சொன்னது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து மட்டும் அகற்றச் சொன்னது. அந்தச் செய்திகளைப் படித்துவிட்டுத்தான் எங்கள் அடுக்ககக் கூட்டமும்.

இனி நண்பரின் பக்கம் வருகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் அவர் காலமானார். பத்தாம் நாள் போனபோது அவர் மனைவி ஒரு நோட்டைக் கையில் கொடுத்தார். 'உங்க சிநேகிதர் கணக்கு. உங்களுக்குத்தான் இது பிரயோஜனப்படும்' என்றார். பள்ளிக்கூட நாற்பது பக்க நோட்டு. 1997-ல் தொடங்குகிறது. அவர் தெருவின் ஒவ்வொரு நாய்க்கும் ஒரு வரி: பெயர், நிறம், காது வெட்டிய தேதி, ஊசி போட்ட மாதம், யார் வீட்டு வாசல். முதல் பக்கங்களில் 'குட்டி' என்ற சொல் அடிக்கடி வருகிறது. போகப் போக அது அரிதாகிறது. கடைசிப் பக்கங்களில் இல்லவே இல்லை. கல்வெட்டுகளைப் பற்றி எத்தனையோ வகுப்பு எடுத்திருக்கிறேன். கையில் எடுத்துப் படிக்கும்போது கண் கலங்கிய ஆவணம் அது ஒன்றுதான்.

அதில் ஒரு வரி என்னைப் பற்றியது. ஒரு சனிக்கிழமைத் தேதி போட்டு, 'சார் இன்று தானாகவே ஒரு இட்லி எடுத்து வைத்தார்' என்று எழுதியிருக்கிறார். எனக்கு அது நினைவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டைக் கூட்டத்துக்கு எடுத்துப் போகப் போகிறேன். நாயை எல்லோரும் கொஞ்ச வேண்டும் என்று நான் கேட்கப்போவதில்லை. நானே இன்னும் ஜில்லுவைத் தொட்டதில்லை. நாலடி தள்ளித்தான் நடப்பேன். என் கோரிக்கைகள் நாலுதான். ஒன்று, காது வெட்டிய, ஊசி போட்ட நாயை அகற்றினால் வருவது ஊசி போடாத நாய் என்பதை முதலில் புரிந்துகொள்வோம். இரண்டு, சாதம் வைப்பவர்கள் மாடிப்படியிலோ குழந்தைகள் விளையாடும் இடத்திலோ வைக்காமல், பின்பக்கம் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வைத்து, மிச்சத்தை எடுத்துவிடட்டும். மூன்று, குப்பைத்தொட்டிக்கு மூடி போடுவோம். நாலு, வருஷம் ஒருமுறை ஊசிக்கான பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதிவைப்போம். அந்த ஒருவர் நானாக இருக்கச் சம்மதம். ஜில்லுவுக்கு அடுத்த ஊசி மார்கழியில்.

இரண்டாம் மாடி அம்மாவிடம் தனியாகவும் ஒன்று சொல்ல வேண்டும். பாட்டி வைத்தியம் வேண்டாம். நாய் கடித்தாலோ கீறினாலோ, உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் தடவாதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். ஒரு ஊசியையும் தவறவிடாதீர்கள். திரும்பும் வழியில் குழந்தைக்கு ஒரு ரவா தோசை வாங்கிக்கொடுங்கள். அது என் அப்பாவின் வைத்தியம். அதில் கெடுதல் ஒன்றும் இல்லை.

கூட்டத்தில் என்ன முடிவானது என்று திங்கட்கிழமை எழுதுகிறேன். உங்கள் தெருவிலும் இப்படி ஒரு நோட்டு எழுதுகிறவர் இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, நீங்களே முதல் வரியை எழுதுங்கள்.